துபாயா, சவுதியா, மஸ்கட்டா? செட்டிநாட்டுச் சரக்குக்கு எந்தக் கரை

"அண்ணே, துபாய்க்கு இப்ப வரியே இல்லையாம்ல?" கானாடுகாத்தானில் பலகாரம் போடும் ஒரு தங்கச்சி கேட்டார். அதே வாரம் ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருப்பவர் வந்து, "சவுதியில கட்டிடமாக் கட்டித் தள்ளுறானாம், அங்க போட்டுப் பார்ப்போமா?" என்றார். மூன்றாமவர் மசாலாப் பொடிக்காரர். மச்சான் மஸ்கட்டில் இருப்பதால் அவருக்கு உலக வரைபடத்தில் வேறு ஊரே கிடையாது.

நான் பதினோரு வருடம் ரியாத்திலும் துபாயிலும் கிட்டங்கிக் (கோடவுன்) கணக்கு எழுதியவன். இப்போது காரைக்குடியில் சின்ன ஏற்றுமதிக்காரர்களுக்குக் காகித வேலை பார்த்துக் கொடுக்கிறேன். மூவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் நாலாவதாக வருபவருக்கும் உதவும்.

முதலில் அந்த ஐந்து சதவீத வரியைப் பார்த்துவிடுவோம்

இந்தியாவுக்கும் ஐக்கிய அரபு அமீரகத்துக்கும் இடையிலான பொருளாதார ஒப்பந்தம் 2022 பிப்ரவரி 18-ல் கையெழுத்தாகி மே 1 முதல் நடப்பில் இருக்கிறது. நம் ஏற்றுமதியில் மதிப்புக் கணக்கில் 90 சதவீதத்துக்கு அன்றே வரி போய்விட்டது. செய்தி உண்மைதான். ஆனால் போன வரி எவ்வளவு? வளைகுடாவின் ஆறு நாடுகளும் 2003-லிருந்து ஒரே சுங்க வரியை வைத்திருக்கின்றன. பெரும்பாலான பொருளுக்கு அது 5 சதவீதம். நம்மூரில் வெளிநாட்டுச் சரக்குக்குப் போடும் வரியோடு ஒப்பிட்டால் தூசு.

அந்த 5 சதவீதத்தையும் கட்டுவது அங்கே இறக்குகிறவர். வரி போனால் மிச்சம் அவர் பையில். நீங்கள் விலை பேசும்போது அதில் பாதியையாவது கேட்டு வாங்கினால்தான் உங்களுக்கு ஏதாவது வரும். பலர் கேட்பதே இல்லை.

ஒரு கணக்குப் போடுங்கள். சரக்கு 10 லட்சம் ரூபாய். வரியில் மிச்சம் 50,000. அதே 10 லட்சம் ஆறு மாதம் வராமல் நின்றால், நம்மூர் ஒரு ரூபாய் வட்டியில் 60,000 போகிறது. வரியில் கிடைத்ததும் போய், கையிலிருந்து 10,000 கூடவே போகிறது. ஆகவே நாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது நான் வரியைக் கடைசியில் வைக்கிறேன்.

எதை வைத்து எடை போடுவது

என் வரிசை இது: காசு திரும்பி வரும் வழி, சரக்கை அங்கே யார் வாங்குவார்கள், காகிதத் தொல்லை, கடல்வழி, அப்புறம் வரி.

காசு திரும்புவதை முதலில் வைப்பதற்கு நம் ஊரே காரணம். கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டித் தொழில் செய்யப் போன நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஆள் வைத்து, மூன்று வருடத்துக்கு ஒரு முறை கணக்கு முடித்து, ஐந்தொகை எடுத்துத் தொழில் செய்தவர்கள். 1937 பிப்ரவரி 10-ல் ஐ.ஓ.பி. வங்கி தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் கதவு திறந்தது. அத்தனை கணக்குத் தெரிந்தவர்களுக்கே, 1930-களில் பர்மாவில் நெல் விலை விழுந்தபோது கொடுத்த கடன் காசாகத் திரும்பவில்லை, வயலாகத் திரும்பியது. 1937 வாக்கில் கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் கால் பங்கு செட்டியார்கள் பெயரில் இருந்தது. 1942-ல் ஜப்பான்காரன் வந்தான். வயலைக் கப்பலில் ஏற்ற முடியாது.

நாணயத்தைப் பற்றிய பயம் மூன்று நாட்டுக்கும் ஒன்றே. மூன்றும் டாலரோடு கட்டிப் போட்டவை. டாலர் எப்படிப் போகிறதோ அப்படியே திர்ஹமும் ரியாலும் போகும். அதில் தேர்வு செய்ய ஒன்றும் இல்லை.

| | அமீரகம் (துபாய்) | சவுதி | ஓமன் (மஸ்கட்) |
|---|---|---|---|
| இந்தியாவோடு ஒப்பந்தம் | 2022 மே 1 முதல் | தனி ஒப்பந்தம் இல்லை | 2025 டிசம்பர் 18-ல் கையெழுத்து |
| சுங்க வரி | மூலச் சான்றிதழோடு (இந்தியச் சரக்கு என்ற சான்று) பெரும்பாலும் 0 | 5%, பல பொருளுக்குக் கூடுதல் | 5%. ஒப்பந்தச் சலுகையில் 98% இனங்களுக்கு 0 |
| வாட் வரி | 5% | 15% | 5% |
| ஒரு டாலருக்கு | 3.6725 திர்ஹம் | 3.75 ரியால் | 0.3845 ரியால் |
| அங்குள்ள இந்தியர் | 40 லட்சத்துக்கு மேல் | 25 லட்சம் அளவில் | 7 லட்சம் அளவில் |
| இந்தியாவுடன் வணிகம், 2024-25 | ஏறத்தாழ 10,000 கோடி டாலர் | ஏறத்தாழ 4,200 கோடி டாலர் | ஏறத்தாழ 1,060 கோடி டாலர் |
| துறைமுகம் | ஜெபல் அலி | தம்மாம், ஜெட்டா | சோஹார், சலாலா |
| வார விடுமுறை | சனி, ஞாயிறு | வெள்ளி, சனி | வெள்ளி, சனி |

வணிகத் தொகையைப் பார்த்து மலைக்க வேண்டாம். அதில் பெரும்பங்கு நாம் வாங்கும் எண்ணெயும் எரிவாயுவும் தங்கமும். நமக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. மூன்று நாட்டிடமும் நாம் விற்பதைவிட வாங்குவதே அதிகம். விடுமுறை வரிசையைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். சவுதியோடு தொழில் செய்தால் இரண்டு பக்கமும் வங்கி திறந்திருப்பது திங்கள் முதல் வியாழன் வரைதான். வியாழன் மாலை ஒரு காகிதத்தில் எழுத்துப் பிழை வந்தால் திங்கள்கிழமைதான் விடியும்.

துபாய்: விற்பது எளிது, வசூல் வேறு

பலகாரத்துக்குத் துபாய்தான் முதல் நினைப்பு, நியாயமும் கூட. தமிழ்க் குடும்பங்கள் இருக்கிற ஊர். தேன்குழலும் மணகோலமும் குழந்தை குட்டியோடு இருக்கும் வீட்டில்தான் கிலோக் கணக்கில் தீரும். தனி ஆளாகத் தொழிலாளர் கேம்பில் படுத்திருப்பவர் ஊருக்குக் காசு அனுப்பப் பார்ப்பாரே தவிர, இறக்குமதி முறுக்கு வாங்க மாட்டார். கராமாவிலும் பர்துபாயிலும் மளிகைக்கடைக்குள் நுழைந்தால் நம் ஊர்ச் சந்தையில் நிற்பது போலத்தான் இருக்கும்.

துபாய் எண்ணெயை நம்பிய ஊரும் இல்லை. அமீரகத்தின் எண்ணெய் பெரும்பாலும் அபுதாபி மண்ணுக்குக் கீழே இருக்கிறது. துபாயின் பிழைப்பு துறைமுகமும் வியாபாரமும். 1985-லேயே ஜெபல் அலியில் சுதந்திர வணிக வளாகம் போட்டுவிட்டார்கள். கச்சா எண்ணெய் விலை சரிந்தாலும் மளிகைக்கடை ஓடும்.

ரூபாயிலேயே கணக்குத் தீர்க்கவும் 2023 ஜூலையில் இரு நாட்டு மத்திய வங்கிகளும் ஏற்பாடு செய்தன. அடுத்த மாதமே இந்தியன் ஆயில் பத்து லட்சம் பீப்பாய்க்கு ரூபாயில் காசு கொடுத்தது. நம் அளவு ஆட்களுக்கு இதனால் பெரிய மாற்றம் இல்லை. வாங்குகிறவர் இன்னும் டாலரில்தான் பேசுகிறார்.

இனி மறைந்த செலவுகள். துபாயில் பின்னால் வரும் தேதி போட்ட செக் கொடுத்துக் கடன் வாங்குவது வழக்கம். முன்பு அந்தச் செக் திரும்பினால் போலீஸ் வரும். அந்தப் பயமே வியாபாரிகளுக்கு ஈடாக இருந்தது. 2022 ஜனவரியிலிருந்து கணக்கில் பணமில்லாத செக் பெரும்பாலும் சிவில் விவகாரம். கோர்ட்டில் வசூலிக்கலாம், ஆனால் காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு யார் அலைவது? பழைய நினைப்பில் "செக் கையில இருக்குண்ணே" என்று சொல்பவர்களை இன்னமும் பார்க்கிறேன்.

நான் காகிதம் போட்டுக் கொடுத்த ஒரு சரக்கில் பட்ட பாடு இது. வாங்கியவர் முதல் முறை பத்துப் பெட்டி, கையோடு காசு. இரண்டாம் முறை ஐம்பது, பாதி முன்பணம், மீதி சொன்ன தேதியில் வந்தது. மூன்றாம் முறை கண்டெய்னர், அறுபது நாள் கடன். அறுபத்தோராம் நாள் போனை எடுக்கவில்லை. தெரிந்தவரை அனுப்பிப் பார்த்தால் கடையில் வேறு பெயர்ப்பலகை. அந்த மூன்று படி ஏற்றம் வளைகுடாவில் ரொம்பப் பழைய வித்தை. தெரிந்தும் நான் தடுக்கவில்லை. இரண்டாவது பணம் வந்த சந்தோஷத்தில் இருந்தோம்.

இன்னொன்று, ஒப்பந்தச் சலுகை வேண்டுமென்றால் ஒவ்வொரு சரக்குக்கும் மூலச் சான்றிதழ் எடுக்க வேண்டும். அதற்குப் பொருளின் மதிப்பில் குறிப்பிட்ட பங்காவது இங்கே கூட்டப்பட்டதென்று காட்ட வேண்டும். அரிசி மாவுக்கும் உளுந்துக்கும் சிக்கல் இல்லை. பொரிக்கும் பாமாயில் வெளிநாட்டுச் சரக்கு என்பதை மட்டும் விலைக் கணக்கில் மறைக்காமல் எழுதுங்கள்.

சவுதி: பெரிய வீடு, உயரமான வாசற்படி

சவுதி ஆர்டர் என்றால் பெரிய ஆர்டர்தான். 2030-ல் ரியாத் எக்ஸ்போ, 2034-ல் உலகக் கோப்பைக் கால்பந்து என்று கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். ஆத்தங்குடிக்காரர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அங்கே கட்டிடம் எழும்புவது கச்சா எண்ணெய்க் காசில். 2014 நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் இருந்தது. 2016 ஜனவரியில் 30 டாலருக்குக் கீழே போனது. அப்போது நான் ரியாத்தில் ஒரு கட்டுமானப் பொருள் கம்பெனியில் இருந்தேன். அரசாங்கம் ஒப்பந்தக்காரருக்குத் தருவதை நிறுத்தியது, ஒப்பந்தக்காரர் எங்களுக்கு நிறுத்தினார், முதலாளி எங்கள் சம்பளத்தை நிறுத்தினார். நாலு மாதம். அந்த வருடம் ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளிகள் சம்பளமில்லாமல் கேம்ப்களில் தவித்ததைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். மேசை மேல் இந்தியாவிலிருந்து சரக்கு அனுப்பியவர்களின் பில்கள் ஒரு முழம் உயரத்துக்கு இருந்தன. அவற்றில் ஒன்றாக உங்கள் பில் கிடக்கலாம்.

பலகாரத்துக்கும் ஒரு கதை உண்டு. 2017 ஜூலையில் சவுதி, வெளிநாட்டார் குடும்பத்தில் ஒவ்வொரு ஆளுக்கும் மாதம் 100 ரியால் வரி போட்டது. வருடா வருடம் ஏறி 2020-ல் 400 ஆனது. மனைவி, இரண்டு பிள்ளை என்றால் மாதம் 1,200 ரியால். நிறையப் பேர் குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். இந்தியர் தொகை பெரிதாக இருந்தாலும் முறுக்கு தின்னும் வீடு குறைந்து போனது இப்படித்தான்.

2020 ஜூலையில் வாட் 5-லிருந்து 15 சதவீதமாக ஏறியது. இதைச் சரக்கு இறங்கும்போதே இறக்குமதியாளர் கட்டிவிட்டுத்தான் வெளியே எடுப்பார். அந்த முடக்கத்தை ஈடுகட்ட உங்களிடம் கூடுதல் நாள் கடன் கேட்பார்.

காகிதம் மூன்று நாட்டிலும் இங்கேதான் அதிகம். உணவுப் பொருளை எஸ்.எஃப்.டி.ஏ.வில் (சவுதி உணவு, மருந்து ஆணையம்) பதிய வேண்டும். மற்றச் சரக்குக்கு சேபர் என்ற அரசு இணையத் தளத்தில் பொருளுக்கு ஒரு சான்று, ஒவ்வொரு அனுப்பலுக்கும் ஒரு சான்று. வனஸ்பதி சேர்ப்பவர்கள் கவனிக்க: பாதி ஹைட்ரஜனேற்றிய எண்ணெயை சவுதி 2020-லேயே தடை செய்துவிட்டது.

டைல்ஸ்காரர்களுக்கு ஒரு கண்ணி உண்டு. 2020 ஜூனில் வளைகுடா நாடுகள் இந்திய, சீனப் பீங்கான் டைல்ஸ் மீது பொருள்குவிப்புத் தடுப்பு வரி (மலிவு விலையில் சரக்கைக் கொட்டுவதைத் தடுக்கும் வரி) போட்டன. குஜராத்தின் டைல்ஸ் ஊரான மோர்பியின் சில கம்பெனிகளுக்கு அது 100 சதவீதத்தையும் தாண்டியது. ஆத்தங்குடிக் கல் பீங்கான் இல்லை. சிமெண்டும் மணலும் ஆக்சைடு நிறமும் சேர்த்துக் கண்ணாடி மேல் ஊற்றி, சூளைக்கே போகாமல் தண்ணீரில் ஊறிக் காய்வது. சுங்க எண் 6810-ல் வரும். பீங்கானுக்கு 6907. அவசரத்தில் கஸ்டம்ஸ் ஏஜென்ட் இன்வாய்ஸில் 'டைல்ஸ்' என்று மட்டும் எழுதி 6907 போட்டால், அங்கே அதை நிமிர்த்த நீங்கள் படும் பாட்டில் லாபமெல்லாம் கரைந்துவிடும். 'கையால் செய்த சிமெண்ட் தரைக்கல்' என்று முழுதாக எழுதச் சொல்லுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகும் சவுதி சரிப்படும் இடம் உண்டு. நல்ல வங்கியின் எல்.சி. (காகிதம் சரியாக இருந்தால் காசு தருவதாக வங்கி எழுதும் உறுதிக் கடிதம்) கொடுக்கிற வாங்குபவர், வருடம் முழுவதும் ஒரே சரக்கு, பதிவுச் செலவைத் தாங்கும் அளவு. அரிசி மாதிரித் தொழிலுக்கு இது பொருந்தும். நம் பக்கத்துக் கைவேலைக்கு அபூர்வம்.

மஸ்கட்: சின்னச் சந்தை, சிரமம் குறைவு

ஓமன் சின்னச் சந்தை. கண்டெய்னர் நிறையப் பலகாரம் அனுப்பினால் தேங்கிவிடும். ஆனால் வியாபாரிகள் தலைமுறைக் கணக்கில் இந்தியாவோடு பழகியவர்கள். என் அனுபவத்தில் பேச்சு மாறுவது குறைவு.

கடல்வழியில்தான் ஓமனுக்கு உண்மையான பலம். ஜெபல் அலிக்கும் தம்மாமுக்கும் ஹோர்முஸ் நீரிணை வழியாக உள்ளே நுழைய வேண்டும். ஜெட்டாவுக்குச் செங்கடல், 2023 நவம்பரிலிருந்து யேமனின் ஹௌதிகள் கப்பல்களைத் தாக்கியதில் அந்தப் பாதை பட்ட பாடு தெரிந்ததே. சோஹாரும் சலாலாவும் ஹோர்முஸுக்கு வெளியே, நம்மைப் பார்த்த கரையில் இருக்கின்றன. அந்தப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டால் கப்பல் கம்பெனி போர் ஆபத்துக் கட்டணம் போடும், இன்சூரன்ஸ் ஏறும். 'உங்கள் துறைமுகம் வரை செலவு எனது' என்று விலை பேசியிருந்தால் அது உங்கள் தலையில்தான்.

புதிய ஒப்பந்தத்தை நம்பி விலை சொல்வதற்கு முன், உங்கள் பொருளின் சுங்க எண்ணுக்கு அன்றைய தேதியில் சலுகை நடப்பில் இருக்கிறதா என்று கஸ்டம்ஸ் ஏஜென்டிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கத்தார், குவைத், பஹ்ரைன் பற்றியும் கேட்கிறார்கள். கத்தாரிலும் குவைத்திலும் வாட் இன்னும் இல்லை, பஹ்ரைனில் 10 சதவீதம். மூன்றுமே ஹோர்முஸுக்கு உள்ளே. முதல் சரக்குக்கு அங்கே போக வேண்டிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

நாமே போகாமல் இன்னொரு வழி

இதை யாரும் கேட்பதில்லை, கௌரவக் குறைவு போலிருக்கிறது. சென்னையிலோ தூத்துக்குடியிலோ இருக்கும் ஏற்றுமதி வியாபாரியிடம் சரக்கைக் கொடுத்துவிடுவது. அவர் பல பேர் சரக்கைச் சேர்த்துக் கண்டெய்னர் நிரப்புவார். முறைப்படி விற்றால் ஜி.எஸ்.டி. 0.1 சதவீதம்தான். விலை குறைவாகக் கிடைக்கும், உங்கள் பெயரும் வெளியே தெரியாது. ஆனால் காசு இந்தியாவில், ரூபாயில், தெரிந்த முகவரியில்.

முறுக்குக்கு இது ஏன் பொருந்துகிறது என்றால், முறுக்கு எடை போடாமல் இடத்தைத் தின்னும். கண்டெய்னர் நிறைந்த பிறகும் எடை பாதிகூட வராது. தரைக்கல் நேர் எதிர், எடை தீர்ந்துவிடும், மேலே பாதி காலியாகப் போகும். கீழே கல், மேலே பலகாரம் என்று சேர்த்து அனுப்பச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிமெண்ட் வாசம் பிடித்த அதிரசத்தை யார் வாங்குவார்கள் என்பது நியாயமான கேள்விதான்.

மூவருக்கும் சொன்னது

பலகாரத் தங்கச்சிக்கு: சந்தை துபாய்தான், ஆனால் முதல் ஒரு வருடம் ஏற்றுமதி வியாபாரி வழியாக. அதற்குள் பாக்கெட்டைச் சரி செய்யட்டும். அரபி எழுத்து, தயாரித்த தேதி, முடியும் தேதி எல்லாம் அச்சில் வேண்டும். அங்குள்ள கடைக்காரர்கள் பாதி ஆயுளாவது மீதமிருக்கும் சரக்கைத்தான் கேட்பார்கள். கடலிலும் துறைமுகத்திலுமாக மூன்று வாரம் போய்விடும், ஆகவே நாற்பது நாள் தாங்கும் பண்டத்தை அனுப்பி லாபமில்லை. நேரடியாகப் போகும் நாளில் பாதி முன்பணம், மீதி கப்பல் ஏறும் முன். ஈ.சி.ஜி.சி. (ஏற்றுமதிப் பாக்கி வராமல் போனால் ஈடு தரும் அரசு நிறுவனம்) காப்பீடும் எடுக்க வேண்டும். பிரீமியத்தைவிட, வாங்குபவரைப் பற்றி அவர்கள் விசாரித்துச் சொல்வதே பெரிய லாபம்.

ஆத்தங்குடிக்காரருக்கு: சவுதி வேண்டாம். அங்கே ஒரே மூச்சில் ஆயிரக்கணக்கான சதுர மீட்டர் கேட்பார்கள். நம் பட்டறையில் ஒரு ஆள் ஒவ்வொன்றாகக் கையால் ஊற்றுகிறார். தாமத அபராதம் போட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் வீட்டை எழுதிக் கொடுக்க வேண்டியதுதான். துபாயில் உணவகங்களுக்கு உள்ளலங்காரம் செய்பவர்கள் இருநூறு, முந்நூறு சதுர மீட்டர் கேட்கிறார்கள், பழைய வீட்டுப் பூ வடிவத்துக்கு விலையும் தருகிறார்கள். காசு கட்டினால்தான் காகிதம் என்று வங்கி வழியாக அனுப்புவதும் முழுப் பாதுகாப்பு இல்லை. வாங்குபவர் மறுத்தால் சரக்கு துறைமுகத்தில் நிற்கும், டெமரேஜ் (தேங்குவதற்கான கட்டணம்) ஏறும், அப்புறம் அதே ஆள் பாதி விலைக்குக் கேட்பார். கல்லைத் திரும்பக் கொண்டுவரும் கப்பல் கூலி கல்லின் விலையைத் தொட்டுவிடும். அதனால் ஏற்றும் முன் முழுப் பணம். அவர் யோசிக்கிறேன் என்றிருக்கிறார்.

மசாலாக்காரருக்கு: மஸ்கட்டே சரி, மச்சான் இருப்பதும் நல்லதுதான், ஆனால் மச்சான் கணக்கும் பில் போட்டு வங்கி வழியாகவே வர வேண்டும். உறவுக்காரரிடம் பாக்கி நின்றால் ஈ.சி.ஜி.சி.யிடமும் போக முடியாது, சம்பந்தி வீட்டு விசேஷத்துக்கும் போக முடியாது. பொடியை ஆய்வகத்தில் கொடுத்து மிளகாயில் அஃப்ளாடாக்சின் (பூஞ்சை நஞ்சு) பார்க்கச் சொன்னேன். அதெல்லாம் ஒப்புக்கொண்டார். கசகசாவில்தான் சண்டை. அமீரகமும் சவுதியும் கசகசாவைப் போதைப்பொருள் கணக்கில் வைத்திருக்கின்றன. பெட்டியில் வைத்துக்கொண்டு போனவர்கள் ஜெயிலில் இருந்திருக்கிறார்கள். மஸ்கட்டில் வாங்குபவர் நாளைக்கே அந்தப் பொடியை எல்லை தாண்டித் துபாய்க் கடைக்குக் கொடுக்கலாம், எடுத்துவிடுங்கள் என்றேன்.

"கசகசா இல்லாம என்னண்ணே செட்டிநாட்டு மசாலா?" என்றார். இப்போது முந்திரியும் பொட்டுக்கடலையும் வைத்து நாலாவது தடவை அரைத்திருக்கிறார். வீட்டில் ஆச்சி இன்னும் பாஸ் போடவில்லை.